கோபுரமும் தாங்கிய கையும்: நிறுவனங்களின் மனநல விழிப்புணர்வு இயக்கங்களை முன்வைத்து

திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால் வல்லாள மகாராஜா கோபுரம் எதிர்ப்படும். அதை ஒட்டிக் கோபுரத்து இளையனார் சன்னிதி என்றொரு சிறிய முருகன் சன்னிதி உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் அருணகிரிநாதர், வாழ்வை வெறுத்து இக்கோபுரத்தின் மேலேறிக் குதித்தார் என்றும், கீழே விழுமுன் முருகன் அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டான் என்றும் தலமரபு சொல்கிறது. அதன் பிறகே திருப்புகழ் பிறந்தது என்பர்.

இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஓர் ஊர் தன் நினைவில் எதைப் போற்றி வைத்திருக்கிறது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. தமிழ்ச் சந்தத்தின் சிகரம் என்று நாம் கொண்டாடும் ஒரு நூல், உயிரை விடத் துணிந்து மீண்ட ஒருவரின் வாய்மொழியாக இவ்வூரில் நினைக்கப்படுகிறது. மரபு அவரைக் கோழை என்று பழிக்கவில்லை. தாங்கிய கையைத்தான் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்து மனநல விழிப்புணர்வு இயக்கங்களை, குறிப்பாகப் பெருநிறுவனங்கள் பொருட்செலவு செய்து நடத்தும் இயக்கங்களை, சற்றே வரலாற்று நோக்கில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சென்ற ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாள். நம் கல்லூரி மாணவர்கள் இருநூறு பேர் பச்சை நாடா அச்சிட்ட வெள்ளைப் பனியன் அணிந்து கிரிவலப் பாதையின் ஒரு பகுதியை நடந்து வந்தனர். ஏற்பாடும் செலவும் ஒரு பெருநிறுவனத்தினுடையவை. பெயர் இங்கே தேவையில்லை. தொடக்கத்தில் ஓர் உறுதிமொழி, முடிவில் ஆளுக்கொரு பொட்டலம் சாம்பார் சாதம், இடையில் நிறையப் புகைப்படங்கள். மனம் விட்டுப் பேசச் சொல்லும் பதாகைகளை மாணவர்கள் ஏந்தி வந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்பட்டது. அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. துணைக்கு நடந்த ஆசிரியர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். காலை பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அந்த அட்டையுடன் துறைக்கு வந்தார். "ஐயா, இந்த நம்பருக்கு நாலு நாளா போடறேன். மணி அடிக்குது, யாரும் எடுக்கல. எங்கம்மாவ எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேக்கணும்" என்றார்.

தாயார் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போய்வந்தவர். ஐந்தாறு மாதமாக உறக்கம் இல்லை. அடுப்படியில் நின்றபடி யாருடனோ பேசுகிறார். வேலையும் நின்றுவிட்டது. உறவினர்கள் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், காற்றுச் சேட்டை என்றார்கள். "அது நோவா இருக்கலாம்னு அன்னிக்கு நடக்கறப்பதான் ஐயா தோணுச்சு" என்று அவர் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியமும், எடுக்கப்படாத அந்தத் தொலைபேசி மணியும் சேர்ந்துதான் நம்மை எழுத வைத்தன. வெறும் விளம்பரம் என்று நாம் மனத்துக்குள் ஒதுக்கியிருந்த ஒரு நிகழ்ச்சி, ஒரு பெண்ணுக்குத் தன் தாயின் துன்பத்தை நோய் என்று அடையாளம் காணக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதே நிகழ்ச்சி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று காட்டாமல் அவரை நடுவழியில் விட்டும் இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

*

நம் நாட்டில் மனநலத்துக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1794-இல் வாலண்டைன் கோனொலி என்னும் ஆங்கில மருத்துவர் சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். இடம் தனியாருடையது, பணம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நல்ல வருவாய் தரும் தொழிலாகவே அது நடந்தது. பின்னர் கைமாறியது. டால்டன் என்பவரிடம் வந்தபோது அவர் பெயராலேயே ஊரில் வழங்கப்பட்டது. கம்பெனியின் அக்கறை முதன்மையாகத் தன் சிப்பாய்கள் மீதும் அலுவலர்கள் மீதும்தான் இருந்தது. சித்தம் கலங்கிய வெள்ளையர் ஊரார் கண்ணில் படுவது ஆட்சிக்கு இழுக்கு என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. 1818 முதல் அத்தகையோர் கப்பலேற்றப்பட்டு, இலண்டனை அடுத்த ஹாக்னியில் இருந்த பெம்ப்ரோக் இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர்.

நோயுற்றவரின் நலமும் நிறுவனத்தின் நற்பெயரும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படுவது புதிய வழக்கமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

1871-இல் விடுதி கீழ்ப்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. 1922-இல் பைத்தியக்கார விடுதி என்ற பெயர் நீங்கி அரசு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. 1978-இல் மனநல நிலையம் ஆயிற்று. பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியும் தமிழ்ப் பேச்சு வழக்கில் 'கீழ்ப்பாக்கம்' என்பது வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. நம் திரைப்பட நகைச்சுவை அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தது. சொல்லை மாற்றுவதால் மட்டும் இழிவு நீங்கிவிடாது என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

அந்த மருத்துவமனையின் உட்புறம் மாறியது பெயரால் அல்ல. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் எம். சாரதா மேனன் போன்றோரின் உழைப்பால் மாறியது. நோயாளிக்குப் பூட்டிய அறைக்குப் பதிலாகத் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் தோற்றுவித்தார். 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். தெருவில் அலையும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் பான்யன் அமைப்பை நிறுவினர். இம்மூன்றும் செய்தது விழிப்புணர்வுதான். ஆனால் அது வேலைக்கு நடுவே விளைந்த விழிப்புணர்வு. முதலில் கதவைத் திறந்தார்கள். பிறகுதான் வாருங்கள் என்று அழைத்தார்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த ஆண்டுகள் வேறொன்றையும் நினைவூட்டும். 'ழ' இதழின் ஆசிரியர், கவிஞர் ஆத்மாநாம், பல ஆண்டுகள் மனநோயுடன் போராடி 1984 சூலை 6 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. சிநேகாவின் தொலைபேசி ஒலிக்கத் தொடங்க இன்னும் இரண்டாண்டு இருந்தது. அது இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மனநலத் துறையில் பணிபுரிந்து, உள்ளே இருப்போரின் குரலைத் தமிழ்ப் புனைவுக்குள் கொண்டுவந்த கோபிகிருஷ்ணனும் (1945–2003) தாமே அந்தத் துன்பத்தை அறிந்தவர். எந்த விளம்பரப் பதாகைக்கும் முன்னதாகவே தமிழில் இதைப் பேசியவர்கள் எழுத்தாளர்கள்தாம். நம் சிற்றிதழ்களை நானூறு ஐந்நூறு பேர் படித்தார்கள் என்பதுதான் குறை.

*

கோயில் ஊர்களுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. இறைவனையே பித்தன் என்று விளித்துத் தம் முதற்பதிகத்தைத் தொடங்கியவர் சுந்தரர். திருவண்ணாமலைத் தெருக்களில் வாழ்ந்து 1929-இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பித்தர் என்று எண்ணியோர் பலர். 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்த பதினாறு வயது வேங்கடராமன், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாளலிங்கக் குகையில் உடல் நினைவின்றி அமர்ந்திருந்தபோது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அவர்களை விரட்டிக் காத்தவர் அதே சேஷாத்திரி சுவாமிகள். அந்த இளைஞரை உலகம் பின்னர் இரமண மகரிஷி என்று அறிந்தது. பேசாமல் அமர்ந்திருப்பவரைத் துன்புறுத்தாமல் விடுவதும், அவருக்கு ஒருவேளைச் சோறு வைப்பதும் இவ்வூருக்குப் பழகிய பண்பு.

இப்பண்பில் பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பற்றி இரகுராம் முதலிய ஆய்வாளர்கள் 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அங்கே தனிச் சடங்கு ஏதும் இல்லை. அடி இல்லை, சங்கிலி இல்லை. குடும்பத்தார் ஒருவருடன் சில வாரம் தங்குவார்கள். கோயிலின் சிறு வேலைகளைச் செய்வார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத இடமும் உடனிருக்கும் மனிதரும் மருந்தின் ஒரு பகுதி என்று அந்த ஆய்வை நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் அதே பண்புக்கு மறுபக்கம் உண்டு. கிரிவலப் பாதையில் கந்தல் உடுத்திப் படுத்திருப்பவர் சித்தரா, சித்தம் கலங்கியவரா என்று நாம் நின்று கேட்பதில்லை. வணங்கிவிட்டோ விலகியோ நடந்துவிடுகிறோம். வீட்டார் பேருந்தேற்றி அனுப்பிவிட்ட ஒருவர் பத்தாண்டு இப்படிக் கிடக்கவும் கூடும். புனிதம் சில வேளைகளில் புறக்கணிப்புக்குப் போர்வையாகிறது.

அந்தப் போர்வை எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் கண்டோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தத் தர்கா ஊரில், தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான் பாலாவின் 'சேது' திரைப்படத்தில் சங்கிலியிட்ட மனிதர்களைத் திரையில் பார்த்துத் தமிழகம் கண்ணீர் விட்டிருந்தது. கண்ணீர் உண்மையானதுதான். சங்கிலிகள் அப்படியேதான் இருந்தன.

அவற்றை அறுத்தது எது? அந்த மாதமே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மாநிலங்களைக் கேள்வி கேட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று வெளிப்படையாகத் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அருணகிரியாரை விசாரணைக்கு நிறுத்தாத மரபின் அறிவுக்குச் சட்டம் வந்துசேர இத்தனை காலம் ஆயிற்று.

*

இனித் தொழிலிடத்துக்கு வருவோம். நிறுவனங்கள் தொழிலாளரின் மனத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை இருந்தது. 1924 முதல் 1932 வரை அங்கே நடந்த ஆய்வுகளை மேலாண்மை படித்தவர்கள் அறிவர். அதன் தொடர்ச்சியாக 1936-இல் ஆலோசகர்களை நியமித்தனர். அவர்கள் தொழிற்கூடத்தில் உலவுவார்கள்; தொழிலாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்கள்; கேட்டதை மேலதிகாரியிடம் சொல்லமாட்டார்கள். உண்மையிலேயே பண்பான ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்ட குறையைத் தீர்க்கும் அதிகாரம் ஆலோசகருக்குக் கிடையாது. கூலி குறைவு என்றாலும் மேற்பார்வையாளர் கொடியவர் என்றாலும், அதைப் பற்றிய தொழிலாளரின் உணர்ச்சியை மட்டுமே அவர் பேசலாம். குறையைச் சங்கத்துக்கோ நிர்வாகத்துக்கோ கொண்டுசெல்லாமல் பேசிக் கரைத்துவிடும் வழி இது என்று 1951-லேயே சமூகவியலாளர்கள் எழுதினர். இருபதாண்டு நடந்த அத்திட்டம் 1956-இல் முடிவுக்கு வந்தது.

அதே நூற்றாண்டில் நம் சென்னையில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றனர். நடுப்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் கையிலெடுத்த முதற் குறைகளுள் ஒன்று. சோற்றை விழுங்கிவிட்டு எந்திரத்துக்கு ஓடுபவனின் படபடப்புக்கு இன்று நாம் மன அழுத்தம் என்று பெயர் வைத்திருப்போம். அவர்கள் அதற்கு மூச்சுப் பயிற்சி கேட்கவில்லை. இன்னும் சில நிமிடம் கேட்டார்கள்.

இந்த இரண்டு வழிகளும் இன்றுவரை அருகருகே ஓடுகின்றன. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. நலவாழ்வும் அப்பட்டியலில் உள்ளது. தன் ஊழியருக்கு மட்டுமே பயன்படும் செலவை இந்தக் கணக்கில் காட்ட முடியாது என்பதும் விதி. நல்ல நோக்கமுள்ள விதிதான். ஆனால் இச்சட்டத்தால் ஒரு விந்தை நேர்கிறது. ஊராரின் மன அமைதிக்காக நடை நடத்தினால் அது கணக்கில் ஏறும். தன் கூடத்தில் இரவு வேலையைக் குறைத்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

உலக அளவிலும் இதே காட்சிதான். கனடாவின் பெல் என்னும் தொலைபேசி நிறுவனம் 2010-இல் தொடங்கிய இயக்கம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆண்டுதோறும் ஒரு நாள், மக்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஐந்து சென்ட் வீதம் மனநலப் பணிகளுக்கு நிறுவனம் அளித்தது. பெரும் தொகை சேர்ந்தது. மனநோயைப் பற்றி வீடுகளில் பேச்சு எழுந்தது. அதே நிறுவனம் 2024 பிப்ரவரியில், அவ்வாண்டின் விழிப்புணர்வு நாள் முடிந்த சில நாட்களில், 4,800 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. ஆள்குறைப்புக்கு வணிகக் காரணம் இருக்கலாம். ஆனால் பேசுங்கள் என்று சொன்னவரிடமே வேலை போய்விட்டது என்று யாரிடம் பேசுவது?

அலுவலகங்களுக்குள் நடக்கும் பயிற்சிகளின் பயனை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவு அது. மனத்தெளிவுப் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு, நலவாழ்வுச் செயலி ஆகியவற்றில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஓரளவு விதிவிலக்காக நின்றது, பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு ஒன்றே. தனிமனிதரைத் திருத்த முயல்வதைவிட வேலையின் அமைப்பைத் திருத்துவதே வழி என்பது அவர் முடிவு.

ஆனால் விழிப்புணர்வே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் பிழையாகும். இங்கிலாந்தில் 2007 முதல் 2021 வரை தொண்டு நிறுவனங்கள் பொது நிதியுடன் நடத்திய 'மாறவேண்டிய நேரம்' என்னும் பொருள்படும் இயக்கத்தின் காலத்தில், மனநோயாளிகளைப் பற்றிய மக்களின் எண்ணங்கள் மெல்ல மெல்ல மேம்பட்டதை ஆய்வுகள் காட்டின. 2022-இல் லான்செட் இதழின் ஆணைக்குழுவும் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. இழிவு நீங்க மிகுதியும் உதவுவது, நோயுற்று மீண்ட ஒருவரோடு நேரில் பழகும் வாய்ப்பு. பதாகையைவிட ஒரு மனிதர் பயன்படுகிறார். ஒரு நாள் நடையைவிடப் பதினான்கு ஆண்டுப் பணி பயன்படுகிறது.

*

உயிர்களை உண்மையில் காத்தவை எவை என்று பார்த்தால், புகைப்படத்துக்கு ஏற்றவை அவற்றுள் குறைவு. இலங்கையில் தற்கொலை வீதம் 1995 அளவில் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 2005-க்குள் வீதம் பாதியாகக் குறைந்தது. போர் முற்றாக ஓயாத நாட்டில், வறுமையும் குடியும் அப்படியே இருக்க, கைக்கெட்டும் நஞ்சு குறைந்ததால் உயிர்கள் தப்பின. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டு காத்திராமல் அடுத்த சில வாரத்திலேயே மறுதேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. சிநேகா வற்புறுத்திய ஒன்று அது. தோல்வி வாழ்வின் முடிவல்ல என்று ஆயிரம் சுவரொட்டி சொல்வதை ஒரு தேர்வுக் கால அட்டவணை சொல்லிவிட்டது.

தொழிலிடத்திலும் இப்படிச் சொல்லலாம். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் வாழ்வை 2010-இல் 'அங்காடித் தெரு' காட்டியது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தியது. ஒரு முக்காலிதான். கால் வலியோடு சேர்ந்து மன வலியும் கொஞ்சம் இறங்கும். 2023 ஏப்ரல் 21 அன்று நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் அதே மன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்க்கவே, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாள் வாதத்தில் மனநலம் என்ற சொல் அதிகம் ஒலிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய மனநலச் செய்தி அவ்வாண்டில் நமக்குத் தென்படவில்லை.

தேவை எங்கே இருக்கிறது என்பதையும் எண்கள் காட்டுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். இந்திய அளவில் இறந்தோரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். அவர்களுக்கு மனிதவளத் துறை கிடையாது; நலவாழ்வுச் செயலியும் கிடையாது. குளிரூட்டிய அரங்கத்தில் நடக்கும் எந்தக் கருத்தரங்கும் அவர்களை எட்டுவதில்லை.

நிறுவனப் பணம் நல்ல வழியில் சென்றதற்கும் சான்று உண்டு. 2010 முதல் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே திரையில் சென்னை மருத்துவர். பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் இடம். இதற்கு டாடா அறக்கட்டளையின் நிதி உதவியது. கும்பிடுவதற்குச் சிலையும் இல்லை, நடப்பதற்கு ஊர்வலமும் இல்லை. பேருந்து குறித்த நாளில் வந்தது, அவ்வளவே. பெருநிறுவனப் பணம் வேண்டாம் என்பவரோடு இதனால்தான் நம்மால் உடன்பட முடியவில்லை. அந்தப் பணம் பதாகையாகிறதா, பேருந்தாகிறதா என்பதே கேள்வி.

*

அந்த மாணவியின் தாயாரை நாமும் துறையில் பணிபுரியும் அம்மையார் ஒருவரும் உடன்சென்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினோம். வரிசை நீளமாக இருந்தது. மருத்துவர் பத்து நிமிடம் பேசினார்; அந்தப் பத்து நிமிடமும் தாயாரைப் பார்த்தே பேசினார். மாத்திரைகளுக்குக் காசு கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வரவேண்டும். இப்போது அவர் உறங்குகிறார். அடுப்படியில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நீண்ட நாள் வராததால் இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்கு வரும் நாளில் கணவரின் ஒரு நாள் கூலி போகிறது.

அந்த நடையை நடத்திய நிறுவனத்தாரை நாம் சந்திக்க நேர்ந்தால் நன்றி சொல்வோம். ஒரு பெண்ணின் வாயில் 'நோவா இருக்கலாம்' என்ற சொல்லை வைத்தது அவர்கள் நடைதான். பின்னர் சில கேள்விகளும் கேட்போம். அந்த எண்ணை இரவு எட்டு மணிக்கு எடுப்பவர் யார்? அவர் தமிழில் பேசுவாரா? அவர் அனுப்பிவைக்கும் மருத்துவமனை எது? உங்கள் கூடத்திலேயே ஒரு பெண் மூன்று மாதம் நோயில் படுத்தால் அவர் இருக்கை அவருக்காகக் காத்திருக்குமா? அடுத்த நடைக்கு ஆகும் செலவில், மாதமொருமுறை எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு வண்டி அனுப்ப முடியுமா? இவற்றுக்கு விடை உள்ள இயக்கத்தை நாம் விளம்பரம் என்று சொல்லமாட்டோம்.

அதுவரை நம் மாணவர்களுக்கு நாம் கொடுக்கும் எண் 14416. 2022-இல் தொடங்கிய அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. எழுதுமுன் ஒருமுறை நாமே அழைத்துப் பார்த்தோம். எடுத்தார்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று மலைமேல் ஏற்றும் சுடர் பல கல் தொலைவுக்குத் தெரியும். வழி தவறியவருக்கு ஊர் இருக்கும் திசையை அது காட்டும். நல்லதுதான். ஆனால் அன்று கோபுரத்தடியில் அருணகிரியாருக்கு வேண்டியிருந்தது வெளிச்சமன்று. ஊர் அதை மறக்காமல்தான் அந்தச் சிறிய சன்னிதியை இன்றும் காத்துவருகிறது.